வீட்டிலேயே சிகிச்சை என்றால், எந்த வீட்டில்?

மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டினால் அடுத்து வருவது தாம்பரம் சானடோரியம். கல்லூரிக்கும் மெப்ஸ் வளாகக் கம்பெனிகளுக்கும் போகிற பிள்ளைகள் தினமும் அங்கே ஏறி இறங்குகிறார்கள். சானடோரியம் என்பது ஊர்ப் பெயர் இல்லை, காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்து வைத்தியம் பார்த்த இடத்தின் பெயர் என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் சொன்னபோது பாதிப்பேருக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. அங்கிருந்து வடமேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் நாங்கள் வேலை செய்கிற திருமுடிவாக்கம். ஊரும் உண்டு, காலனியும் உண்டு, சிட்கோ தொழிற்பேட்டையும் உண்டு, அந்தத் தொழிற்பேட்டையை நம்பி வாடகைக்கு விட்ட வரிசை வரிசையான ஒற்றை அறைகளும் உண்டு. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது. அதை எழுதிவைக்க வேண்டிய நேரம் இது என்று நினைக்கிறோம்.

ஏனென்றால் இன்று எல்லாச் சிகிச்சையும் வீட்டைத் தேடி வருகிறது என்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வருகின்றன. இன்னொரு பக்கம், பல்லாவரம் தாம்பரம் சாலையெங்கும் தனியார் 'ஹோம் கேர்' விளம்பரப் பலகைகள். இவையெல்லாம் தரமானவையா, பாதுகாப்பானவையா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சமூகப்பணி படிக்கிற தோழர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன ஊர் நம்முடைய சென்னை. அந்த விடையில் நமக்கு வேண்டியது எது, விட்டுப்போனது எது என்பதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

தாம்பரம் சானடோரியத்தை 1928இல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் சானடோரியம் நடத்திய தமிழர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவருடைய சிகிச்சையில் இருந்திருக்கிறார். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, இவைதான் அந்தக் காலத்தில் காசத்துக்கு மருந்து. வேறு மருந்து கிடையாது. 1937இல் தாம்பரம் சானடோரியத்தைச் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

இந்த வைத்தியம் யாருக்கு வாய்க்கும்? காற்றும் ஓய்வும் சோறும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது, அவை மூன்றும் இல்லாததால்தான் நோய் வந்தது என்பதை வேறு வார்த்தையில் சொல்வதுதான். பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் தோல் பதனிடும் ஆலைகளிலும், திரிசூலம், பம்மல், எருமையூர் கல்குவாரிகளிலும் உழைத்த உடம்புகள் எந்தச் சமூகத்து உடம்புகள் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கல்தூசி நுரையீரலில் படிந்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். கூலி இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாதவர் ஒரு வருடம் சானடோரியத்தில் படுத்திருக்க முடியாது. படுக்க நினைத்தாலும் இடம் கிடையாது. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கையின் கணக்குப்படி, பிரிக்கப்படாத இந்தியாவில் காசநோயாளிகள் சுமார் 25 லட்சம் பேர், ஆண்டுக்கு 5 லட்சம் சாவு. படுக்கைகளோ சுமார் 6,000தான்.

அந்த நிலையில் மருந்துகள் வந்தன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்ற மருந்தும், 1952இல் ஐசோனியாசிடும் வந்தன. விலை குறைந்த, வாயால் விழுங்கக்கூடிய மருந்து இருக்கும்போது படுக்கை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. ஆனால் வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் குணமாகுமா? வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? படிக்காத ஏழை ஜனங்கள் ஒரு வருடம் விடாமல் மருந்து சாப்பிடுவார்களா? கவனித்துப் பாருங்கள், தோழர்களே. முதல் கேள்வி தரத்தைப் பற்றியது. இரண்டாவது பாதுகாப்பைப் பற்றியது. மூன்றாவது கேள்வியில் மருத்துவமும் இருக்கிறது, ஏழைகளைப் பற்றி மேலே இருப்பவர்கள் வைத்திருந்த எண்ணமும் இருக்கிறது.

இதைச் சோதிக்க 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமை வகித்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆய்வின் அமைப்பு எளிமையானது. சென்னை நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மருத்துவர் தன் இஷ்டத்துக்கு, தேறக்கூடியவரை ஒரு பக்கமும் தேறாதவரை இன்னொரு பக்கமும் தள்ள முடியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிடும் பாஸும், தினமும், ஒரு வருடம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குப் படுக்கை, காற்று, நல்ல சாப்பாடு, செவிலியர். வீட்டில் இருந்தவர்களுக்கு அவர்கள் வீடு. அதாவது நெரிசல், போதாத சாப்பாடு, கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போகவேண்டிய கட்டாயம்.

முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. ஒரு வருட முடிவில் சளியில் கிருமி அடங்கி நோய் தணிந்தவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். இந்த அளவு ஆட்களை வைத்துப் பார்க்கும்போது பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாத வித்தியாசம். ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்ததில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதைவிட முக்கியமானது கூட இருந்தவர்களின் கதி. நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகம் பேருக்கு நோய் வரவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே, நோய் கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் வீட்டைவிட்டு விரட்டுவதால் யாருக்கும் லாபம் இல்லை.

இதன் அருமையை நாம் குறைத்துப் பேசக்கூடாது. நோயாளியைத் தனியாகத் தள்ளிவைப்பது, தட்டு டம்ளரைத் தனியாக வைப்பது, திண்ணையோடு நிறுத்துவது, இவையெல்லாம் நமக்கு நோயால் மட்டும் நேர்ந்தவை இல்லை. தள்ளிவைத்தால்தான் பாதுகாப்பு என்ற எண்ணத்தை எண்ணிக்கை காட்டி உடைத்த ஆய்வு இது. ஏழைகள் மருந்து சாப்பிடமாட்டார்கள் என்ற ஏளனத்துக்கும் அந்த 86 சதவீதமே பதில். உலகம் முழுவதும் சானடோரியங்களை மூடும் திசையில் மருத்துவம் நகர்ந்ததற்குச் சென்னையின் குடிசைகளிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் இருந்த அந்த நோயாளிகளின் உடம்பு சாட்சி சொன்னது. எந்தக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

ஆனால் ஆய்வை முழுதாகப் படிக்க வேண்டும். முடிவுரையை மட்டும் படித்துவிட்டுப் போவது எம்.ஏ. வகுப்பில் நாங்களும் எங்கள் சக மாணவர்களும் செய்கிற வழக்கமான காரியம்தான். செய்முறைப் பகுதியைப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. வீட்டில் இருந்தவர்களுக்கு மருந்தைக் கொடுத்து 'போய் வா' என்று அனுப்பிவிடவில்லை. அவர்கள் மையத்துக்கு வந்து மருந்து வாங்க வேண்டும். மையத்து ஆட்கள் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். சொல்லிவிட்டும் போவார்கள், சொல்லாமலும் போவார்கள். மிச்சம் இருக்கிற மாத்திரையை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வராதவரைத் தேடிப்போவார்கள். பாஸ் சாப்பிடுவது லேசான காரியமில்லை. நாளொன்றுக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், குமட்டும், வயிறு கலங்கும். அதைச் சமாளிக்கப் பேசுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தார்.

ஆகவே சென்னை ஆய்வு நிரூபித்தது 'வீடு போதும்' என்பதை இல்லை. வீட்டோடு, தவறாமல் வீடு தேடி வந்த ஒரு முழு நிறுவனமும் சேர்ந்தால் சானடோரியத்துக்கு ஈடாகும் என்பதையே அது நிரூபித்தது. இவ்வளவு கவனிப்பு இருந்தும் பலர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதையும் மறைக்கவில்லை. மருந்தைத் தானே எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி வாலஸ் ஃபாக்ஸ் 1958இலேயே தனிக் கட்டுரை எழுதினார்.

அரசாங்கம் எதை எடுத்துக்கொண்டது? 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. வீட்டிலேயே சிகிச்சை என்பது கொள்கையானது. மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், மாதம் ஒரு முறை. வீட்டுக்கு வருகிறவர்? சிறுநீர்ச் சோதனை? தேடிப்போவது? காகிதத்தில் ஏதோ இருந்தது. படுக்கை கட்டுகிற செலவு மிச்சம் என்ற பாதி மட்டும் நடைமுறைக்கு வந்தது, வீட்டுக்கு ஆள் அனுப்புகிற பாதி வரவில்லை.

இந்த இடத்தில் சமூகவியல் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் தேபபர் பானர்ஜி. பெங்களூரின் தேசியக் காசநோய் நிறுவனத்தில் இருந்தபோது, ஸ்டிக் ஆண்டர்சனுடன் சேர்ந்து தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஆய்வு செய்து 1963இல் வெளியிட்டார். ஜனங்களுக்கு நோயைப் பற்றி விழிப்புணர்வு இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போய்க் கேட்டால், கிருமி உள்ள நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே வைத்தியத்துக்குப் போயிருந்தார்கள். அரசு மருத்துவமனையில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். விழிப்புணர்வு இல்லாதது எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று ஒரு திட்ட அறிக்கை ஆரம்பித்தால், அதை எழுதியவர் யார் வீட்டுக்கும் போகவில்லை என்று எடுத்துக்கொள்வது எங்கள் பழக்கம்.

முப்பது வருடம் கழித்து 1992இல் திட்டத்தைப் பரிசீலித்தபோது, சிகிச்சையை முழுதாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. அதன்பின் டாட்ஸ் வந்தது. அதன் வேரும் சென்னையில்தான். வாரத்துக்கு இரண்டு முறை, ஊழியர் கண்முன்னால் மருந்து கொடுத்தால் போதும் என்று அதே மையம் 1964இல் காட்டியிருந்தது. 1997இல் தேசத் திட்டமாக வந்த டாட்ஸ் கண்காணிப்பை எடுத்துக்கொண்டது. ஆனால் நடையை நோயாளி தலையில் கட்டியது. 1956இல் மையம் வீட்டுக்குப் போனது. டாட்ஸ் காலத்தில் நோயாளி வாரத்துக்கு மூன்று நாள் மையத்துக்குப் போகவேண்டியிருந்தது. கூலி வேலைக்காரருக்கு மூன்று நாள் காலை நேரம் என்றால் என்ன என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். 2017 முதல் தினசரி மருந்து முறைக்கு மாறினார்கள்.

இப்போது சோற்றுக்கு வருவோம். எங்களுக்கு அதிகம் உறுத்துவது இதுதான்.

சென்னை ஆய்வு உணவையும் அளந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்குத்தான் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டும், உழைத்துக்கொண்டிருந்தும் குணமானார்கள். ஆகவே மருந்து ஒழுங்காகப் போனால் உணவு குணமாவதைத் தடுக்காது என்று 1961இல் எழுதினார்கள். அந்த நோயாளிகளைப் பொறுத்தவரை, அந்த மருந்துகளைப் பொறுத்தவரை, அது சரியான கூற்று. ஆனால் அது கைமாறிக் கைமாறிப் போகும்போது 'காசநோய்க்குச் சாப்பாடும் வீடும் முக்கியமில்லை, மாத்திரைதான் முக்கியம்' என்று ஆகிவிட்டது. ஏழைக்கு வீடு கட்டித்தர வேண்டாம், சோறு போட வேண்டாம், மாத்திரை கொடுத்தால் போதும் என்பது எந்த அரசாங்கத்துக்கும் இனிக்கிற செய்தி. நோய் வந்தவர் குணமாவாரா என்பது ஒரு கேள்வி. யாருக்கு நோய் வருகிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதுக்கும் போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது கேள்விக்கு நேரடியான விடை வர 2023 ஆகஸ்ட் வரை ஆயிற்று. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் மாதவி பார்கவா, அனுராக் பார்கவா குழுவினர் நடத்திய ரேஷன்ஸ் ஆய்வு அப்போது லான்செட் இதழில் வெளிவந்தது. 2,800 நோயாளிகள், அவர்களுடைய குடும்பத்தினர் 10,345 பேர். பெரும்பாலோர் ஆதிவாசிகள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் குடும்பத்தினருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும்தான், தோழர்களே. சென்னை ஆய்வுக்கும் இதற்கும் நடுவில் அறுபது வருடத்துக்கு மேல். நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2018இல்தான் வந்தது. 2024 நவம்பரில் 1,000 ஆயிற்று. அதுவும் நோயாளிக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு இல்லை.

அடுத்தது வீடு. 'வீட்டிலேயே சிகிச்சை' என்று சொல்லும்போது வீடு என்ற சொல்லை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். திருமுடிவாக்கம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பு நமக்குத் தெரிந்ததே. அதிலிருந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நாம் அதை நிலத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். அதில் மனைப் பிரச்சினையும் இருக்கிறது. சேரியில் குடிசை போட்டிருக்கிற மனையே தனக்குச் சொந்தமில்லாமல், மிராசுதாரர் நினைத்தால் காலி செய்யச் சொல்லலாம் என்ற நிலையில் ஜனங்கள் இருந்தார்கள். கூலி கூடக் கேட்டால் வீடு போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜன்னல் யார் வைப்பார்கள்? சுவரை யார் உயர்த்துவார்கள்? பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். காற்றோட்டமான வீடு என்பது சுகாதாரப் பாடத்தில் ஒரு வரி. நமக்கு அது நூறு வருடத்துக்கு மேற்பட்ட போராட்டம்.

இன்றைக்கு அதே செங்கல்பட்டு மண்ணில், பெரும்பாக்கத்தில், நகரத்தின் கரையோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் எட்டு மாடிக் கட்டடங்களில் இருக்கிறார்கள். பட்டியலில் அது 'பக்கா வீடு'. லிஃப்ட் நின்றுபோனால் பக்கவாதம் வந்தவரை எட்டாவது மாடியிலிருந்து எப்படி இறக்குவது என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. மும்பை கோவண்டிப் பகுதி மறுகுடியமர்வுக் கட்டடங்களில் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. கட்டடங்களை நெருக்கி வைத்ததால் வெளிச்சமும் காற்றும் புகாத கீழ்த்தள வீடுகளில் காசநோய் அதிகமாக இருந்ததாக அது சொன்னது. குடிசையை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டில் குடிசையைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்போதும் நல்லது என்றும் நாங்கள் சொல்லவில்லை. 1986இல் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் முயற்சியால் சென்னையில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது. பிறகு 90களில், வீடும் மற்ற மருத்துவமனைகளும் விரட்டியவர்களைச் சேர்த்துக்கொண்டது அதே தாம்பரம் சானடோரியம். 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் இலவச ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கிய எட்டு இடங்களில் அதுவும் ஒன்று. சானடோரியம் தேவையில்லை என்று நிரூபித்த ஊரிலேயே, வீடு கைவிட்டவர்களுக்குச் சானடோரியம் வேண்டியிருந்தது.

வீட்டில் இந்த வேலையைச் செய்கிறவர் யார் என்பதும் அளவுகோலில் ஏறாத விஷயம். நம்மிடம் வைத்தியம் இல்லாமல் இல்லை. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். ஊர் ஊராகப் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் மருத்துவர் சமூகப் பெண்களும், பல இடங்களில் சேரிப் பெண்களும். தொப்புள்கொடி அறுப்பது, ரத்தம் துடைப்பது, நஞ்சுக்கொடி புதைப்பது எல்லாம் தீட்டு வேலை. அதனால் அவர்கள் கைக்கு வந்தது. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்து பதிவேடு உருவானபோது, பயிற்சியும் சான்றிதழும் உள்ளவர் உள்ளே வந்தார். பரம்பரையாகப் பார்த்தவர் வெளியே நின்றார். இன்று ஹோம் கேர் ஏஜென்சி அனுப்புகிற 'அட்டெண்டர்' அக்காவும் அந்தப் பதிவேட்டில் இல்லை. பன்னிரண்டு மணி நேரம், இருபத்துநாலு மணி நேரம் என்று வேலை. டயப்பர் மாற்றுவது, படுக்கைப்புண் துடைப்பது, மூக்குக்குழாயில் கஞ்சி ஊற்றுவது. குழாயைப் பற்றி யாரும் முறையாகச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். நோயாளிக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து. அவர் சாப்பிடத் தனித் தட்டு வைக்கிற வீடுகள் இருக்கின்றன. நாங்கள் அறிந்த அட்டெண்டர்களில் மிகப் பலர் தலித் பெண்கள். அவர் பன்னிரண்டு மணி நேரம் வேறொருவர் வீட்டில் இருக்கும்போது அவர் வீட்டில் இருக்கிற மாமியாருக்கு மாத்திரை கொடுப்பது பத்தாவது படிக்கிற மகள். அரசுத் திட்டத்தில் வீடு தேடி வருகிற பெண்ணும் ஊழியர் இல்லை. சுய உதவிக் குழுவிலிருந்து வந்த 'தன்னார்வலர்'. சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை.

நல்லதும் நடந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. நோய் என்று தெரிந்தவுடன் எல்லோரையும் ஒரே மாதிரி மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதில்லை. எடையும் உயரமும் பார்க்கிறார்கள், கால் வீக்கம் பார்க்கிறார்கள், மூச்சை எண்ணுகிறார்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிறார்கள், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆபத்தில் இருப்பவரை மருத்துவமனையில் சேர்த்துத் தேற்றியபின் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது முறை. வீட்டுக்கு அனுப்பக்கூடிய உடம்பா என்று முதலில் கேட்கிறது இந்தத் திட்டம். வீட்டுச் சிகிச்சையின் பாதுகாப்பு பற்றிய சரியான கேள்விகளில் இது ஒன்று. அனுப்பக்கூடிய வீடா என்ற கேள்வி இன்னும் அதில் சேரவில்லை.

அதைத்தான் திருமுடிவாக்கத்தில் நாங்கள் சின்ன அளவில் செய்துபார்க்கிறோம். படுக்கையில் இருக்கிற முதியவர், காசநோய்க்கு மருந்து எடுப்பவர், டயாலிசிஸ் போய்வருகிறவர் என்று வீட்டுப் பராமரிப்பில் இருக்கிற யாராக இருந்தாலும், சேவை வந்ததா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. வந்தவர் உள்ளே வந்தாரா, வாசலில் நின்றே மாத்திரை நீட்டினாரா? காலனிக்குள் எத்தனை மணிக்கு வருகிறார், வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருக்கிற நேரமா? போன மாத மாத்திரையில் மிச்சம் எவ்வளவு என்று எண்ணினாரா? குமட்டுகிறது என்று சொன்னால் யாரிடம் போய்ச் சொல்வார்? இரவு மூச்சு வாங்கினால் கூப்பிட ஒரு எண் இருக்கிறதா, அதை யாராவது எடுத்தார்களா? வீட்டில் பராமரிக்கிறவர் யார், அவர் கடைசியாக வேலைக்கு அல்லது பள்ளிக்குப் போனது எப்போது? கேட்கிற எங்களுக்கும் ஒரு விதி உண்டு. சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் நுழைவதில்லை. சோதனை என்ற பெயரில் நம் ஜனங்களின் குடிசைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தவர்கள் ஏற்கெனவே நிறையப்பேர்.

சிட்கோ பக்கத்து வாடகை அறைகளில் இந்தக் கேள்விகளில் பாதி செல்லாது. ஒரு அறையில் ஆறு பேர், ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் தூங்குகிறார்கள். பலர் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். ரேஷன் அட்டை ஊரில், மருந்துப் பதிவும் ஊரில். 'வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்' என்று கேட்டால் சிரிக்கிறார்கள். அவர்களுக்காகக் கேள்விகளை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தி பேசத் தெரிந்த மாணவர்கள் உதவினால் நல்லது.

படிவத்தில் புதிதாக மூன்று கட்டங்கள் சேர்த்திருக்கிறோம்: அறையின் நீள அகலம், ஜன்னல் இருந்தால் அதன் அளவும் அது எதைப் பார்த்துத் திறக்கிறது என்பதும், மனைப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காலனியில் இருந்து கிளம்புகிறோம். வருகிறவர்கள் ஆளுக்கொரு அளவு நாடா எடுத்துவாருங்கள். எங்களிடம் இரண்டுதான் இருக்கிறது.